கண்டிச் சீமையில் கேட்ட கேள்வி

காலை நிகழ்ச்சியில் 'விலைவாசி' என்ற சொல்லை எடுத்துவிட்டால் போதும், எங்கள் வானொலி நிலையத்தின் தொலைபேசி ஓயாது. முட்டை விலை, கோழி விலை, வீட்டு வாடகை, நாசி லெமாக் பொட்டலத்தில் நெத்திலி குறைந்துபோனது வரை நேயர்கள் கொட்டித் தீர்த்துவிடுவார்கள். பொய்க் குறைகள் அல்ல அவை. மாதக் கடைசியில் பெட்ரோல் ஊற்றும்போது நானும் மீட்டரையேதான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் 2022க்குப் பிறகு அந்த அழைப்புகளில் அடிக்கடி ஒரு வாக்கியம் வந்து விழுகிறது: "நல்ல வேளை, நாம இலங்கையில இல்ல."

அந்த ஆண்டு அங்கே நடந்ததை நாம் எல்லாருமே பார்த்தோம். எரிபொருளுக்கு மைல் கணக்கில் வரிசை. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அச்சிடக் காகிதம் இல்லை என்று பள்ளித் தேர்வுகளையே தள்ளிவைத்தார்கள். அதைப் பார்த்து 'நமக்கு வரவில்லையே' என்று மூச்சுவிடுவது இயல்புதான். இருந்தாலும் அடுத்தவர் வீட்டு இருட்டைக் காட்டி நம் வீட்டு விளக்குக்கு நன்றி சொல்வது எனக்கு என்னவோ ஒட்டவில்லை.

2023ல் குடும்பத்தோடு இலங்கைக்குப் போனேன். நம்மவர்கள் வழக்கமாகப் போகும் சுற்றுதான்: கண்டி, நுவரெலியா, சீதா எலிய அம்மன் கோவில். போகிற வழியெல்லாம் தேயிலைத் தோட்டம். வேன் ஓட்டுநர் ஓரிடத்தில் நிறுத்தி, படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குழு, கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவின் கூடையை வாங்கித் தங்கள் பிள்ளையின் முதுகில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் ஒதுங்கி நின்று, கூடை திரும்பி வரக் காத்திருந்தார். இடுப்பில் படங்கு கட்டியிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும்.

"தங்கச்சி எங்கிருந்து வாறீங்க?" என்று அவரே பேச்சை ஆரம்பித்தார்.

மலேசியா என்றேன். என் பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தான் என்றதும் அவர் முகம் மாறியது. பிறகு நாங்கள் பேசியது பெரும்பாலும் சொற்களைப் பற்றித்தான். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, கங்காணி, லயம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் என் பாட்டி சொன்ன அதே சொற்கள், கடல் கடந்து அங்கேயும் அப்படியே இருக்கின்றன. பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் இடம் மட்டும் எங்களுக்கு ஆயாக்கொட்டகை, அவர்களுக்குப் பிள்ளைக் காம்பரா. ஒரே வித்தியாசம், பாட்டிக்கு அந்தச் சொற்கள் பழைய கதை. அந்த அக்காவுக்கு அவை நாளைக் காலை.

அப்போது அவருக்கு நாள் சம்பளம் 1000 ரூபாய். பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு 2021ல்தான் அது கிடைத்தது. கிடைத்த மறு ஆண்டே ரூபாயின் மதிப்பு சரிந்ததில், போராடி வாங்கிய தொகை கையிலிருக்கும்போதே கரைந்துவிட்டது. நான் போன சமயத்தில் அது நம் காசுக்கு ஏறக்குறைய 14 வெள்ளி. அதுவும் சொன்ன கிலோவை எடுத்தால்தான். குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது பாதிச் சம்பளம். நிறுக்கும்போது கூடைக்கு, மழைத் தண்ணீருக்கு என்று கழிவு வேறு உண்டாம். "மாவு விலை ஏறினப்ப ரெண்டு ரொட்டிய ஒண்ணாக்கினோம்" என்றார். அழவில்லை, புலம்பவில்லை. நாம் இங்கே டோல் கட்டணத்தைப் பற்றிப் பேசுகிற அதே குரல்தான்.

என் கொள்ளுத்தாத்தா மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்தில்தான் அதே ஊர்ப்பக்கத்து ஆட்கள் 'கண்டிச் சீமை'க்கும் போனார்கள். பஞ்சம் ஒன்றுதான். எந்தக் கங்காணி முதலில் வந்து முன்பணம் கொடுத்தான் என்பதில்தான் வழி பிரிந்தது. பிறகு 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மனிதர்களை! எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003ல்தான் வந்தது.

இங்கேயும் சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்து மாண்டவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் தாத்தாவுக்கு நீல அட்டை கிடைத்தது. அதனால் அப்பாவுக்கு லாரி ஓட்டும் உரிமம், பட்டணத்தில் ஒரு வீடு. எனக்கு பிடிபிடிஎன் கடனில் ஊடகப் பட்டம், இன்று ஒலிவாங்கி. இதில் என் உழைப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசி வரியில்தான் அது வருகிறது. 'உழைச்சோம், முன்னேறினோம்' என்று மேடைகளில் பேசுகிறோம். அந்த அக்கா மட்டும் உழைக்காமலா இருந்தார்?

புறப்படும்போது அவர் கேட்டார்: "இப்ப உங்க ஊர்ல பால்மரம் வெட்டுறது யாரு?"

இப்போது பெரும்பாலும் செம்பனைதான் அக்கா, இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்றேன்.

"அவங்களுக்கு வீடா, லயமா?"

"லயம் மாதிரிதான்."

"அப்ப அவங்களும் நம்ம ஆளுகதான்" என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

அந்த 'நம்ம'வில் என்னையும் சேர்த்துக்கொண்டார். வங்காளதேசத்துக்காரரை நான் அப்படிச் சேர்த்துச் சொல்லி எனக்கு நினைவில்லை. நம்மில் பலருக்கும் அவர் 'வங்காளி'தான், பெயர்கூடக் கிடையாது. முகவருக்குக் கட்டக் கடன் வாங்கி, நிலத்தை அடகு வைத்து வந்து, இறங்கிய பிறகு சொன்ன வேலையே இல்லை என்று தவித்தவர்களைப் பற்றிய செய்திகள் அதே 2023ல் நம் நாட்டிலும் வந்தன. என் கொள்ளுத்தாத்தாவும் முன்பணக் கடனோடுதான் பினாங்கில் இறங்கினார். கங்காணிக்கு இப்போது 'ஏஜெண்ட்' என்று பெயர், அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் இந்தப் பயணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அந்த அக்காவின் அனுமதியோடு பதிவு செய்திருந்த அவர் குரலையும் ஒலிபரப்பினோம். புலனத்தில் குரல் பதிவுகள் குவிந்தன. "எங்கம்மா பேசுற மாதிரியே இருக்கு" என்று ஈப்போவிலிருந்து ஒருவர். பணம் அனுப்பலாமா என்று கேட்டவர்கள் பலர். நல்ல மனசு. "உங்கள் வீட்டுச் சாமான் தூக்க வருகிற தம்பிக்குப் பசியாற வாங்கிக் கொடுத்துவிட்டு அதையும் செய்யுங்கள்" என்று சொன்னேன். இரண்டு பேருக்குக் கோபம் வந்துவிட்டது.

நிகழ்ச்சி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓர் அழைப்பு. கிள்ளானில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறாராம். தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் ஊருக்குப் போகவில்லை. அம்மாவுக்கு ஒரு பாட்டு வேண்டும், கைத்தொலைபேசியில் பதிவு செய்து அனுப்பப் போகிறாராம்.

உங்கள் பெயர் என்ன தம்பி என்றேன்.

"பேரு வேணாம்க்கா, முதலாளி கேப்பாரு. ஊரு மட்டும் சொல்லுங்க, அம்மாவுக்குத் தெரியும்."

திருவாடானை என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். பிறகு பாட்டைப் போட்டேன்.