துண்டு போட்ட இடம்

துறையூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் வந்து நிற்பதற்குள் பாதி சீட் நிரம்பிவிடும். ஆட்களால் அல்ல, துண்டுகளால்! ஜன்னல் வழியாக ஒரு துண்டு, ஒரு மஞ்சள் பை, ஒரு டிபன் கேரியர், சமயத்தில் ஒரு குழந்தை... எதையாவது உள்ளே போட்டுவிட்டால் போதும், அந்த சீட் உங்களுடையது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இப்படி எழுதியிருக்கவில்லை. ஆனாலும், அடுத்தவர் துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்து பாருங்கள். புலிவலம் வரை திட்டு வாங்கிக்கொண்டே போகலாம்.

இந்தத் துண்டு சமாசாரத்தைத்தான் உலகத்து டெலிபோன் கம்பெனிகள் மூளையைக் கசக்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தன என்று என் அக்கா பையன் சொன்னபோது, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவன் பெங்களூரில் டெலிபோன் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். பொங்கலுக்கு வந்திருந்தான்.

பேச்சு அந்தப் பக்கம் போனதற்குக் காரணம் என் அம்மா.

அதற்கு முந்தின மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். வயது 76. ராத்திரியே போய்ச் சேர்ந்தோம். பரமபத வாசல் திறந்த நேரத்தில் ஒரு தள்ளு! நான் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். அவளிடமும் போன் இருந்தது, சுருக்குப் பையில். அடித்தேன். 'சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்' என்றாள் ஒரு பெண். கழித்து முயற்சித்தேன். மறுபடியும் அதே பெண், அதே மரியாதை. 40 நிமிஷம்! என் வயிற்றுக்குள் என்னென்னவோ ஓடியது. அம்மா கிடைத்துவிட்டாள். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

"ஏண்டா, திருவிழா என்னிக்குன்னு பஞ்சாங்கத்துல வருஷம் முன்னாடியே போட்டிருக்கே. உங்க ஆளுங்க அதைப் பார்க்க மாட்டாங்களா?" என்று அக்கா பையனிடம் சண்டைக்குப் போனேன்.

"மாமா, அதுல ரெண்டு விஷயம் இருக்கு. டவருக்கும் உங்க போனுக்கும் நடுவுல இருக்கற அலைவரிசை அளவுதான். அதை எந்தக் கம்ப்யூட்டரும் கூட்டித் தராது. அதுக்குத்தான் திருவிழாவுக்கு லாரியில டவரைக் கொண்டாந்து நிறுத்தறாங்க. ஆனா, டவருக்குப் பின்னாடி ஒரு பெரிய உலகம் இருக்கு. நான் வேலை பார்க்கறது அங்கே."

அந்தப் பின்னாடி உலகத்தில் முன்பெல்லாம் எல்லாமே தனித்தனிப் பெட்டிகளாம். பேச்சை இணைக்க ஒன்று, யார் எந்த ஊரில் இருக்கிறார் என்று பார்க்க ஒன்று, கணக்கு எழுத ஒன்று. கூட்டம் அதிகமானால் புதுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்து, அது வந்து சேர்ந்து, மாட்டி முடிப்பதற்குள் அடுத்த ஏகாதசியே வந்துவிடும். 2012 அக்டோபரில் பெரிய டெலிபோன் கம்பெனிகள் சில, ஜெர்மனியில் டார்ம்ஸ்டட் என்ற ஊரில் நடந்த மாநாட்டில் ஓர் அறிக்கை வெளியிட்டன. இனிமேல் தனிப் பெட்டி வேண்டாம், அந்த வேலைகளையெல்லாம் சாஃப்ட்வேராக எழுதிப் பொதுவான கம்ப்யூட்டர்களில் ஓட்டலாம் என்பதே அதன் சாரம்.

"புரியுது. இட்லிக்கு ஓர் அடுப்பு, தோசைக்கு ஓர் அடுப்புன்னு கிடையாது. எது வேணுமோ அதை ஏத்து, இறக்கு" என்றேன்.

"அதேதான்! சிக்கலும் அங்கேதான். அடுப்பு பொது. உங்களுக்கு வேணுங்கற நேரத்துல வேற யாரோ பாயசத்துக்கு அண்டாவை ஏத்தியிருப்பான்."

அதனால் வந்ததுதான் முன்பதிவு. இன்ன தேதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை, இத்தனை பிராசஸர், இவ்வளவு மெமரி, இவ்வளவு டிஸ்க் எனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. கல்யாண மண்டபம் பிடிப்பதைப் போலத்தான். தை மாத முகூர்த்தத்துக்கு மண்டபம் மட்டும் கிடைத்தால் ஆயிற்றா? சமையல்காரரும் மேளக்காரரும் அதே தேதிக்குக் கிடைக்க வேண்டுமே! 12 கம்ப்யூட்டர் சேர்ந்து செய்யவேண்டிய வேலைக்கு 11 கிடைத்தால், சில சமயம் அது மேளம் இல்லாத கல்யாணம்தான். அதனால் மொத்தத்தையும் ஒரேயடியாகப் பிடித்து வைக்க வேண்டும்.

லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2014-ல் தொடங்கிய 'ஓபிஎன்எஃப்வி' என்ற கூட்டு முயற்சியில் இதற்கென்றே ஒரு திட்டம் இருந்தது. அதன் பெயர் 'பிராமிஸ்'. அதாவது, வாக்கு! ஓபன்ஸ்டாக் என்ற இலவச மென்பொருளில் 'பிளேசார்' என்ற பகுதி இதே வேலையைச் செய்கிறது. அங்கே முன்பதிவுக்குப் பெயர் குத்தகை. குத்தகை முடிந்தால் இடம் தானாகக் கைமாறும்.

"சரி, திருவிழாவுக்குத் தேதி உண்டு. பூகம்பத்துக்கு?" என்றேன்.

பையன் சற்று அடங்கினான். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் வந்தபோது, எல்லோரும் ஒரே நேரத்தில் சொந்தக்காரர்களைத் தேடிப் போனை எடுத்தார்கள். டோகோமோ கம்பெனி பேச்சு அழைப்புகளை 90 சதவீதம் வரை கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. அந்தக் கம்பெனிதான் 2016 மார்ச்சில் இந்தப் பொது அடுப்பு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பேரிடர் நேரத்திலும் லைன் கிடைக்கவேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

"தேதி தெரியாததுக்கு ரெண்டே வழிதான் மாமா. எப்பவும் கொஞ்சம் இடத்தைச் சும்மா காலியா வெச்சிருக்கணும். இல்லேன்னா, அவசரம் இல்லாதவனை எழுப்பிவிட்டுட்டு அவசரக்காரனை உட்கார வைக்கணும்."

எனக்குச் சுரீர் என்றது. எழுப்பிவிடுவது என்ன என்பது எனக்குத் தெரியும். 1983-ல் பார்த்திருக்கிறேன்.

பாட்டிக்கு உடம்பு முடியவில்லை. பெரியப்பா பம்பாயில். அப்பா எதிர்வீட்டு அரிசி மண்டிக்காரர் போனில் டிரங்க் கால் புக் செய்தார். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அப்போது மூன்று ஜாதி. அர்ஜென்டுக்கு இரட்டைக் கட்டணம், லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. லைட்னிங் வந்தால் மற்றவை ஒதுங்கி நிற்க வேண்டும். அப்பா மாதக் கடைசியில் இருந்தார். "சாயங்காலத்துக்குள்ள கிடைச்சுடும்" என்று ஆர்டினரி போட்டார். மத்தியானம் 2 மணிக்குப் போட்டது, ராத்திரி பத்தரைக்குக் கிடைத்தது. யார் மேலும் குற்றமில்லை. லைன் கொஞ்சம், ஆட்கள் நிறைய.

பாட்டி 9 மணிக்கே போய்விட்டாள்.

'அம்மாவுக்கு முடியலை, உடனே கிளம்பி வாங்க' என்று மனசுக்குள் உருப்போட்டு வைத்திருந்த வாக்கியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்று நிமிஷத்துக்குள் அப்பா வேறு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. "லைட்னிங் போட்டிருக்கணும்டா" என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் லைட்னிங் போட்டிருந்தால், அங்கே வரிசையில் நின்ற இன்னோர் ஆர்டினரிக்காரர் வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

இடம் பிடித்து வைப்பதில் இந்தத் தர்மசங்கடம் உண்டு. துண்டுக்காரர் டீக்கடையில் அரட்டை அடிப்பார். பக்கத்தில் ஒரு கிழவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சீட் காலி, ஆனால் காலியில்லை! அதிகமாகத் துண்டு போட்டால் பஸ் வீண். போடாவிட்டால் அவசரத்தில் போகிறவர் கதி அதோகதி. அதனால்தான் நம் கண்டக்டர் விசில் கொடுப்பதற்கு முன் "யாருப்பா இந்தத் துண்டு?" என்று மூன்று தடவை கத்திவிட்டு, ஆள் வராவிட்டால் கிழவியை உட்கார வைக்கிறார். முடியும் நேரம் இல்லாத முன்பதிவு, முன்பதிவே இல்லை. பெங்களூர்க்காரன் குத்தகை என்றான், நம் ஆள் விசில் என்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

துறையூரில் பஸ் ஏறும்போதே சொல்லியிருந்தாள். "கூட்டத்துல பிரிஞ்சுட்டா என்னைத் தேடி அலையாதே. ரங்கா ரங்கா கோபுரத்துக்கிட்ட வந்துடு. நானும் அங்கே வந்துடறேன்."

"போன் இருக்கேம்மா" என்று சிரித்தேன்.

40 நிமிஷம் அந்தப் பெண் குரலோடு மல்லுக்கட்டிய பிறகுதான் அது ஞாபகம் வந்தது. ஓடினேன். கோபுரத்துக்குப் பக்கத்தில், இவ்வளவு நெரிசலிலும், அம்மா ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் துண்டை விரித்துப் போட்டிருந்தாள்.

"ஏம்ப்பா இவ்ளோ நேரம்? உனக்குன்னு இடம் போட்டு வெச்சு, எத்தனை பேருக்குப் பதில் சொல்றது? உக்காரு" என்றாள்.