எர்ரரோடு போன செல் நம்பர்

ராத்திரி ரெண்டு மணி. காலையில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ. ஹாஸ்டல் அவுட்பாஸ் வாங்குற ஆப்தான் என் ப்ராஜெக்ட். 'சேவ்' பட்டனை அமுக்கினால்... டமால்! திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. உங்களுக்கும் இப்படி ஒரு ராத்திரி வந்திருக்கும்தானே?

பதற்றத்தில் எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணினேன். 300 வரி கிராஷ் லாகை மொத்தமா காப்பி பண்ணி, 'யாராவது காப்பாத்துங்க'ன்னு இணையத்தில் போட்டுட்டேன்.

முகம் தெரியாத ஒரு புண்ணியவான் தப்பைக் கண்டுபிடிச்சுச் சொன்னார். கூடவே ஒரு வரி: "தம்பி, முதல்ல டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்து. அந்தப் பொண்ணோட நம்பரையும் எடுத்துடு."

எந்தப் பொண்ணு? மேலே போய்ப் படிச்சதும் தூக்கிவாரிப் போட்டது. டெஸ்ட் பண்றதுக்காக க்ளாஸ்மேட் ஒருத்தியோட பேர், ரூம் நம்பர், செல் நம்பர் எல்லாத்தையும் நிஜமாவே போட்டு வச்சிருந்தேன். விழும்போது ஆப் அதை அப்படியே லாகில் கொட்டியிருக்கு.

உடனே அழிச்சேன். ஆனா அதுக்குள்ள பார்த்தவங்க பார்த்துட்டாங்க. கண்ட கண்ட நம்பரிலிருந்தும் அவளுக்கு போன். பாஸ்வேர்டை நான் ரெண்டு நிமிஷத்தில் மாத்திட்டேன். அவளோ பேங்க், ஆதார், ஸ்காலர்ஷிப்னு ஒவ்வொரு இடமா ஏறி இறங்கி நம்பரை மாத்தினாள். "என் நம்பரைக் கொடுக்க நீ யாரு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். என்கிட்ட பதில் இல்லை.

கிராஷ் லாகில் தப்பு மட்டும் இருக்காது நண்பர்களே. ஃபைல் பாதையில் உங்க பேர், மெயில் ஐடி, ஐ.பி. முகவரி, ஏ.பி.ஐ. கீ, லாகின் டோக்கன்னு என்ன வேணும்னாலும் இருக்கலாம். மெமரி டம்ப் இன்னும் மோசம், அந்த நிமிஷம் மெமரியில் இருந்ததெல்லாம்கூட அதில் வந்துடலாம். டோக்கன் கிடைச்சால் பாஸ்வேர்டே இல்லாமல் உங்க கணக்குக்குள் நுழையலாம். 2023-ல் ஆக்டா நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்குள் புகுந்தவர்கள், 134 வாடிக்கையாளர்கள் சம்பந்தப்பட்ட ஃபைல்களைப் பார்த்துட்டாங்க. பிரச்னையைச் சரிபண்ணச் சொல்லி வாடிக்கையாளர்கள் அனுப்பின சில ஃபைல்களில் டோக்கன்கள் இருந்தன. விவரம் தெரிஞ்ச கம்பெனிகளுக்கே இந்தக் கதி!

அதனால, லாகை முதலில் நோட்பேடில் ஒட்டுங்க. உங்க பேர், மெயில், பாஸ்வேர்ட், டோக்கன், கீ, செல் நம்பர் எல்லாத்தையும் தேடி, அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போடுங்க. எர்ரர் பேர், வரி எண், வெர்ஷனைத் தொடாதீங்க, உதவி பண்றவருக்கு அதுதான் வேணும். மொத்த லாகும் வேண்டாம், தப்பைச் சுத்தி இருக்கிற வரிகள் போதும். மெமரி டம்ப்பைப் பொதுவில் போடவே போடாதீங்க. தப்பித்தவறி பாஸ்வேர்டோ கீயோ வெளியே போயிட்டா, அழிச்சால் மட்டும் போதாது, உடனே மாத்துங்க.

இப்போ என் டெஸ்ட் டேட்டாவில் ஒரே ஒரு மாணவர்தான். பேர் குப்புசாமி, செல் நம்பர் பத்து சைபர். எத்தனை தடவை கிராஷ் ஆனாலும் அவர் கோவிச்சுக்க மாட்டார்.

அவளா? பேசுறாள். புது நம்பரை மட்டும் இன்னும் தரலை.