நான் கண்டு களித்த இடம்: வங்காலைப் பறவைகள் சரணாலயம்



“நான் சென்ற சுற்றுலா” என்பது உங்களுக்குப் புதிய தலைப்பன்று. பேராதனைப் பூங்காவின் மலர்களையும் நுவரெலியாவின் குளிரையும் ஒரே சொற்களில் வர்ணிக்கும் கட்டுரைகள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. எழுதியவர்களுட் பலர் அவ்விடங்களைக் கண்டதில்லை. ஆனால், பேருந்து யன்னலூடாக நாம் அடிக்கடி காணும் ஓரிடத்தைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அதனையே இங்கு உங்களுக்கு அறிமுகஞ் செய்கின்றேன்.

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கடந்ததும், மதவாச்சி வீதியை அண்டிப் பரந்து கிடக்கும் சதுப்பு நிலமே வங்காலைச் சரணாலயம். இதன் பரப்பு 4,839 ஹெக்டேயர். 2008 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இது, 2010 இல் றம்சார் ஈரநிலமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஈரநிலங்களைப் பேணுவதற்காக 1971 இல் ஈரானின் றம்சார் நகரில் உருவான உடன்படிக்கையால் வந்த பெயர் அது. இலங்கையில் இத்தகுதி பெற்ற இடங்கள் ஆறு மட்டுமே.

நான் பள்ளியிற் படித்த நாட்களில், இவ்வீதியில் நாம் பேருந்தைவிட்டு இறங்கியது சோதனைக்காகவே. பறவை பார்ப்பதற்காக அன்று. அதனாலேயே ஒரு மாசி மாதக் காலையில், என்னிடம் கற்கும் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு அங்கு சென்றேன். வெயில் ஏறுமுன் வீதியோரத்தில் நின்றோம். ஆழமற்ற நீரில் பூநாரைகள் வரிசையாக நின்றன. ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதந்தன.

“சேர், பூநாரை ரோசா நிறம் எண்டுதானே படிச்சனாங்கள்? அங்க நிக்கிறது ஏன் சாம்பலா இருக்கு?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

அவை இளம் பறவைகள். பூநாரை அந்நிறத்தோடு பிறப்பதில்லை. தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்து அது உண்ணும் பாசிகளிலும் சிற்றிறால்களிலும் உள்ள நிறப்பொருளே சிறிது சிறிதாக இறகில் ஏறுகின்றது. அவ்வினாவைப் புத்தகம் அவளிடம் எழுப்பவில்லை, கண் எழுப்பியது.

வாத்துகளின் கதையும் வியப்பானதே. வட ஆசியாவில் குளிர்காலத்தில் நீர்நிலைகள் உறைந்துவிட, உணவு தேடி அவை பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து வருகின்றன. இந்தியாவைக் கடந்து வரும் பறவைகளுக்கு மன்னார் இலங்கையின் வாசல். ஐப்பசி முதல் பங்குனி வரை இங்கு 20,000 இற்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் கூடுவதுண்டு.

நீங்களும் செல்லுங்கள். பெற்றோரையோ ஆசிரியரையோ அழைத்துச் செல்லுங்கள். சேற்றில் இறங்காதீர்கள், கல்லெறிந்து பறவைகளைக் கிளப்பாதீர்கள். திரும்பிச் செல்லும் நெடும்பயணத்துக்காக அவை சேர்க்கும் வலு, வீணாய்ப் பறக்கும் ஒவ்வொரு முறையும் குறைகின்றது. கொண்டு சென்ற பொலித்தீனைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

சரணாலயத்தில் வேட்டையாடுவதும் முட்டை எடுப்பதும் சட்டப்படி குற்றம். ஆயினும் சட்டம் இரவு பகலாக அங்கே காவல் நிற்பதில்லை. அருகில் வாழும் நாம் பார்த்தறியாத ஒன்றை வேறு எவர் வந்து காப்பர்?

இனி அத்தலைப்பு வினாத்தாளில் வருமாயின், காணாத மலைநாட்டை மனனஞ் செய்து எழுத வேண்டாம். கண்ட ஒரு பறவை எப்படி நின்றது, எப்படி உண்டது என்று உங்கள் சொற்களில் எழுதுங்கள். கட்டுரைக்கு உயிர் அங்கிருந்துதான் வரும்.