முளையில் தெரியாத பயிர்

சென்னையில் கிரிக்கெட் ஆடும் ஒரு பையன் தமிழ்நாடு அணியை எட்டுவதற்கு உள்ள முக்கியமான பாதை, தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் லீக். முதல் டிவிஷனில் 12 அணிகள், அதற்குக் கீழே பல டிவிஷன்கள். பள்ளி ஆட்டங்களும் வயதுவாரி அணிகளுக்கான டிரையல்ஸும் தனியாக நடக்கின்றன. டிரையல்ஸில் ஒரு பையனுக்குக் கிடைப்பது நெட்டில் சில பந்துகள். லீக்கிலோ ஒரு சீசன் முழுக்க அவனைப் பார்க்கலாம். ஆளை எடைபோட அதுதான் நம்பகமான இடம்.

பையன்களைத் தேடிப் பிடித்து ஆளாக்கும் இந்த வேலை மயிலாப்பூரில் தொடங்கியது. சேப்பாக்கத்தில் வெள்ளையர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் இருந்தது. அங்கே ஆடப் போகும் இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை, மதியச் சாப்பாடு மரத்தடியில். இதைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். தாம் வாழ்ந்த மயிலாப்பூர் லஸ் ஹவுஸ் வளாகத்திலேயே இளைஞர்களுக்கு ஆட்டம் பழக்கினார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் பிரசிடென்சி ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர், அது நடப்பதைப் பார்க்காமலே 1908இல் காலமானார். அவருடைய மகன் சி. ராமசாமி டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். கிரிக்கெட்டில் முதல் டெஸ்ட் ஆடியது 1936இல், 40 வயதில்.

பிற்பாடு கம்பெனிகள் வந்தன. சன்மார் குழுமத்தின் ஜாலி ரோவர்ஸ், இந்தியா சிமெண்ட்ஸ் ஆதரவில் விஜய் சி.சி. போன்ற அணிகள் திறமையான பையன்களைத் தேடி எடுத்தன. வங்கிகளும் தொழிற்சாலைகளும் ஆட்டக்காரர்களுக்கு வேலை தந்தன. மாதச் சம்பளம் வந்தால்தான் நடுத்தரக் குடும்பம் பிள்ளையைத் தொடர்ந்து ஆட விடும். இந்த ஊரின் கிரிக்கெட் அந்தச் சம்பளத்தின் மேல்தான் நின்றது என்று சொன்னால் மிகையில்லை.

கீழ் டிவிஷன் ஆட்டத்தைப் பார்க்க வரும் பழகிய கண், ஸ்கோர்ஷீட்டை அப்படியே நம்புவதில்லை. மேட்டிங் விரித்த பிட்ச்சில் பந்து எகிறும், சுமாரான சுழலும் கூடுதலாகத் திரும்பும். அங்கே ஐந்து விக்கெட் எடுத்தவன் புல்தரைப் பிட்ச்சில் காணாமல் போகலாம். அதனால் பார்க்க வேண்டியவை வேறு. ஒரு சுழற்பந்து வீச்சாளன் சிக்ஸர் வாங்குகிறான். அடுத்த பந்தை அவன் வேகமாக, தட்டையாகப் போட்டுத் தப்பிக்கிறானா, மறுபடியும் மேலே தூக்கிப் போடத் துணிகிறானா? இரண்டாவதைச் செய்பவன் அந்த நாளில் அடி வாங்கினாலும் குறித்துவைக்க வேண்டியவன். மட்டையாளன் என்றால், பந்து வந்து சேரும் நேரத்தில் அவன் தலை அசையாமல் இருக்கிறதா, இடைவெளி தேடி ஒற்றை ரன் எடுக்கத் தெரிகிறதா என்பது, அடித்த பவுண்டரிகளைவிடப் பெரிய தகவல்.

இதற்கும் மேலே ஒரு சிக்கல் இருக்கிறது. விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்ற பழமொழி இந்தத் துறையில் பாதிதான் பலிக்கிறது. மேற்கு மாம்பலத்தின் தெரு ஆட்டங்களில் வளர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின் சிறுவயதில் தொடக்க மட்டையாளர், மிதவேகப் பந்து வீச்சாளர். சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளியில் படித்தவர். இடுப்பில் ஏற்பட்ட காயமும் பயிற்சியாளர்களின் யோசனையும் அவரை ஆஃப் ஸ்பின்னுக்குத் திருப்பின. 2011இல் டெஸ்டுக்குள் நுழைந்து 106 ஆட்டங்களில் 537 விக்கெட் எடுத்தார். 14 வயது அஸ்வினைப் பார்த்துப் பெரிய சுழற்பந்து வீச்சாளர் என்று எழுதி வைக்க யாராலும் முடிந்திருக்காது.

வருண் சக்கரவர்த்தியின் வழி இன்னும் சுற்றுப்பாதை. விக்கெட் கீப்பராக ஆடினார், விட்டார், கட்டடக் கலை படித்தார். திரும்பி வந்து வேகப்பந்து போட்டார், முழங்காலில் அடிபட்டது. பிறகுதான் சுழல். 2017-18 சீசனில் நான்காவது டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்காக 31 விக்கெட் எடுத்தார். அடுத்து தமிழ்நாடு பிரீமியர் லீக். 2018 டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவர் 8.4 கோடிக்குப் போனார். ஒருநாள் போட்டியில் இந்தியாவுக்காக முதலில் ஆடியபோது வயது 33.

சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் ஆடிக்கொண்டிருந்த நடராஜனும் சென்னை லீக்கின் நான்காவது டிவிஷனில்தான் தொடங்கினார். ரஞ்சிக்கு வந்ததும் பந்து வீசும் முறையில் சந்தேகம் எழுந்தது. அதைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்தார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் அவருக்கும் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தருக்கும் ஒரே நாளில் டெஸ்ட் தொப்பி கிடைத்தது.

அமெரிக்க பேஸ்பாலில் இந்தத் தேடல் தனித் தொழில். ஸ்கவுட்டுகள் பையன்களின் ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஒப்பந்தமான பிறகும் ஒருவன் ரூக்கி, சிங்கிள் ஏ, டபிள் ஏ, டிரிபிள் ஏ என்று பெரும்பாலும் படிப்படியாக ஏறித்தான் மேஜர் லீகுக்குப் போகிறான். 2008இல் இந்தியாவிலேயே ஒரு தேடல் நடந்தது. வேகத்தை அளந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரு ஈட்டி எறியும் இளைஞர்களைப் பிடித்தார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. இருவருமே மேஜர் லீகை எட்டவில்லை. கை வேகமாக இருந்தது, ஆட்டத்தை அறியும் வருடங்கள்தான் இல்லை.

இங்கே இப்போது அவசரம் கூடிவிட்டது. 16 வயதுக்குட்பட்டோர் அணிக்கு வயதை உறுதிப்படுத்த இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். பிறந்த தேதியில் நடக்கும் தில்லுமுல்லைத் தடுக்க அது தேவைதான். ஆனால் அந்த வயது அணியில் இடம் கிடைக்காத பையனைத் தோற்றவனாக நினைக்கும் வழக்கம் பெற்றோரிடமும் அகாடமிகளிடமும் பரவியிருக்கிறது. அது தவறான கணக்கு. 14 வயதில் உயரமாக வளர்ந்தவன் பந்தை ஓங்கி அடிப்பான். மற்றவர்கள் வளர்ந்து சேர்ந்ததும் அந்தச் சாதகம் போய்விடும். குள்ளமாக, பலம் குறைந்து இருந்ததாலேயே பந்தைக் கவனித்து ஆடக் கற்றவன் அப்போது மேலே வருவான். அவன் 19 வயது வரை ஆடிக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும்.

எனவே பிள்ளைக்கு அண்டர்-16இல் இடம் கிடைக்கவில்லையென்றால் கிட் பேகைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். கீழ் டிவிஷனில் ஒரு கிளப்பைத் தேடிச் சேர்த்துவிடுங்கள், நாலைந்து சீசன் ஆடட்டும். தேர்வாளர்களும் நான்காவது டிவிஷன் மைதானங்களுக்கு நேரில் போய் உட்கார வேண்டும். வருணும் நடராஜனும் அங்கிருந்துதான் வந்தார்கள்.