மேகமலையிலிருந்து வந்த வௌவால்

என் தந்தையார் பிறந்தது சின்னமனூரில். அங்கிருந்து மலையேறும் சாலை மேகமலையை அடைகிறது. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அதனை 'ஹைவேவி' என்றனர்; தன் பெயரை இழந்து அழைக்கப்படும் வழக்கம் அம்மலைக்கே உண்டு. தந்தையார் பம்பாய்க்கு வந்து மாதுங்காவில் குடியேறியது 1951-இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே அம்மலையிலிருந்து வேறொருவர் இந்நகரை வந்தடைந்திருந்தார் என்பதை அண்மையில்தான் படித்தறிந்தேன். அவர் ஒரு வௌவால். உயிரின்றி, பதப்படுத்தப்பட்டு வந்தவர்.

1948-இல் அம்மலையில் வாழ்ந்த, இயற்கை ஆர்வலரான ஆங்கஸ் ஹட்டன் என்னும் தோட்டக்காரர் அதனைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். கழகத்தார் 'குறுமூக்குப் பழந்தின்னி வௌவால்' என்று சீட்டெழுதி வைத்துவிட்டனர். மும்பை மரங்களிலும் காணக்கூடிய சாதாரண இனம் அது. தெற்கிலிருந்து வந்தோர் அனைவரையும் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடக்கிய நகரத்தில் இஃதொரு வியப்பன்று!

ஏறத்தாழ கால் நூற்றாண்டு அந்தச் சீட்டு நிலைத்திருந்தது. கிட்டி தொங்லோங்யா என்ற தாய்லாந்து அறிஞர் சீட்டை நம்பாது உடலை ஆராய்ந்தார். குறுமூக்கு வௌவாலுக்குச் சிறு வால் உண்டு. இதற்கோ வாலே இல்லை. வெட்டுப்பற்களும் மேலே ஓர் இணை, கீழே ஓர் இணை மட்டுமே. இது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே எனக் கண்டு 1972-இல் அறிவித்தார். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பெரியவருக்குத் தக்க மரியாதைதான். எனினும், மேகமலையின் பெயரும் அதில் ஒட்டியிருந்தால் சின்னமனூர்க்காரன் மகனாகிய நான் கூடுதலாக மகிழ்ந்திருப்பேன்.

அதே 1972-இல் பிறந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலி ஆகியவற்றோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. உழவர் கண்ணுக்கு எல்லா வௌவாலும் ஒன்றே. சட்டமும் அவ்வாறே நோக்கியது. பின்னாளில் இவ்வினத்திற்கு மட்டும் உச்சப் பாதுகாப்புள்ள முதற் பட்டியலில் இடம் கிடைத்தது. பெயர் தனியாக இல்லாதிருந்தால் பாதுகாப்பை யாருக்கென்று எழுதியிருப்பர்?

கிட்டி 1974-இல் மறைந்தார். உலகின் மிகச் சிறிய வௌவால் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பெயரிட்ட மேகமலை வௌவாலோ 1993-இல்தான் அதே மலையில் மீண்டும் கண்டறியப்பட்டது. பின்னர் களக்காடு முண்டந்துறைக் காடுகளிலும் தென்பட்டது. குகைகளில் பகலைக் கழித்து, இரவில் அத்திப்பழம் தேடிப் பறந்து, விதைகளைக் காடெங்கும் விதைத்து வருகிறது. அந்தக் காடு குறையக் குறைய அதன் இருப்பிடமும் சுருங்குகிறது.