பதினாறால் பட்ட பாடு!

அம்மா தோட்டை அடகு வைத்து வாங்கித் தந்த பழைய கம்ப்யூட்டர் அது. விண்டோஸ் 7, 32 பிட். என் டர்போ சி ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான். “2020-லேயே அதுக்கு சப்போர்ட் நின்னு போச்சுடா, மாத்து” என்றான் நண்பன்.

2024 நவம்பர். பிராக்டிகலுக்கு முந்தின நாள் 64 பிட் விண்டோஸ் 10 போட்டேன். நல்லவேளை, ப்ராஜெக்ட் பென் டிரைவில் இருந்தது. ஆனால் டர்போ சி திறக்கவில்லை. பிரிண்டரும் ஊமை.

“என்னடா, கெட்டுப் போச்சா?” என்றாள் அம்மா. எனக்குத் தொண்டை அடைத்தது.

கெட்டது கம்ப்யூட்டர் அல்ல, என் அவசர புத்தி! டர்போ சி 16 பிட், டாஸ் காலத்து ஆசாமி. 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம் ஓடாது. 32 பிட் டிரைவரும் ஏறாது. சீனியர் அண்ணன் போனில் சொன்னபடி டாஸ்பாக்ஸ் போட்டு, அதற்குள் டர்போ சி-யைத் திறந்தேன். அந்த நீலத் திரையைப் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. 64 பிட் டிரைவரைத் தேடிப் போட்டதும் பிரிண்டரும் வாய் திறந்தது.

தோழர்களே, மாற்றுமுன் மூன்றைப் பாருங்கள்: எத்தனை பிட்? டிரைவர் இருக்கா? நகல் எடுத்தாச்சா? பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நான் சம்பாதித்துத் தோட்டை மீட்கும்வரை அந்தக் கம்ப்யூட்டர் ஓடணுமே!