மூன்று புரொஜெக்டர், ஒரு புன்னகை!

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு, ஒருகாலத்தில் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். லீட்ஸ் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்குள்ள தேசிய அறிவியல் ஊடக அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது, பிக்சர்வில் தியேட்டர். சினிரமா படங்களை அசல் முறையிலேயே திரையிட வசதியுள்ள, உலகின் வெகுசில அரங்குகளில் ஒன்று.

1952-ல் நியூயார்க்கில் அறிமுகமானது சினிரமா. ஒரே காட்சியை மூன்று பிலிம்களில் படமாக்கி, மூன்று புரொஜெக்டர்கள் மூலம் 146 டிகிரி வளைந்த திரையில் பக்கம் பக்கமாகக் காட்டுவார்கள். ஒரு பக்கத்து வெளிச்சம் மறுபக்கத்தை வெளிறச் செய்யாமலிருக்க, திரையையே நூற்றுக்கணக்கான செங்குத்துப் பட்டைகளால் அமைத்தார்கள். படத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போலிருக்கும். ஆனால், படங்கள் சேரும் இடத்தில் இரண்டு கோடுகள் கண்ணை உறுத்தும்.

1962-ல் வந்த ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் வொன்’ படத்தைப் புதுப்பித்து 2008-ல் ப்ளூ-ரேயாக வெளியிட்டபோது, அந்தக் கோடுகளை டிஜிட்டல் முறையில் பெருமளவு மறைத்துவிட்டார்கள். தட்டையான டி.வி-யில் வளைந்த திரையின் உணர்வு கிடைக்க, ‘ஸ்மைல்பாக்ஸ்’ வடிவத்தையும் கொடுத்தார்கள். இரு ஓரமும் உயர்ந்து, நடுவில் ஒடுங்கி, படமே புன்னகைப்பது போலிருக்கும்.

தியேட்டரில் கோடு உண்டு, பிரமிப்பும் உண்டு. வீட்டில் கோடு இல்லை, பிரமிப்பு பாதிதான். ஆனாலும், பிராட்ஃபோர்டு வரை போக முடியாதவர்களுக்கு அந்தப் பாதியே பெரிய வரம். வாய்ப்புக் கிடைத்தால், மீதியை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்!